ஆளை நசுக்காமல் படத்தைச் சதுரமாக்குவது எப்படி?

கேள்வி: “அண்ணே, சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயிலின் முகநூல் பக்கம், அம்மாவின் பலகார வியாபாரத்துக்கான இன்ஸ்டாகிராம், இரண்டையும் நான்தான் கவனிக்கிறேன். படத்தைச் சதுரமாக்கினால் ஒன்று ஆள் ஒல்லியாகிவிடுகிறார், இல்லையென்றால் தலை போய்விடுகிறது. திருவிழா அழைப்பிதழைப் போட்டால் எழுத்து குழம்புகிறது. வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் கோயில் பெயர் வெட்டுப்படுகிறது. பழைய தமிழ்ப்பள்ளிக் குழுப்படம் ஒன்றையும் போட வேண்டும். சரியான அளவு என்ன?”

அளவு 1080-க்கு 1080 பிக்சல் (படம் உருவாகும் சின்னப் புள்ளி), தங்கச்சி. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நீங்கள் கேட்டதில் ஒன்றுகூடத் தீராது. அளவு கடைசியில் வருவது. செவ்வகமாக இருக்கும் படத்தைச் சதுரத்துக்குள் கொண்டுவர ஒழுங்கான வழி இரண்டுதான். ஓரத்தை வெட்டலாம், அல்லது முழுப் படத்தையும் வைத்துவிட்டு மிச்ச இடத்தை நிரப்பலாம். ஒவ்வொரு படத்தையும் திறந்ததும் இதில் எது என்று முடிவெடுங்கள். பிக்சல் கணக்கு அதற்குப் பிறகு.

ஆள் ஒல்லியாவது இந்த இரண்டிலும் சேராத நசுக்கலால். விண்டோஸ் பெயின்டில் ‘ரீசைஸ்’ திறந்து அகலத்தில் 1080 என்று தட்டினால் உயரம் தானாக 810 ஆகிறது. அதையும் 1080 ஆக்கவேண்டும் என்று, விகிதத்தைக் காக்கும் டிக்கை எடுத்துவிடுகிறார்கள். படம் கெடுவது அந்த இடத்தில்தான். 12 மெகாபிக்சல் கைபேசிக் கேமரா எடுக்கும் படம் பொதுவாக 4032-க்கு 3024, அதாவது 4:3 விகிதம். அதை வலுக்கட்டாயமாகச் சதுரமாக்கினால் ஒரு பக்கம் மற்றதைவிடக் கால் பங்கு கூடுதலாகச் சுருங்கும். படுக்கையாக எடுத்த படத்தில் ஆள் கால் பங்கு மெலிவார். நிமிர்த்தி எடுத்த படத்தில் குட்டையாகி உப்பித் தெரிவார். வட்டமான அதிரசம் முட்டை வடிவத்துக்குப் போகும். எந்தச் செயலியாக இருந்தாலும் அந்த டிக், பூட்டு அல்லது சங்கிலிப் படத்தைத் தொடாதீர்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் வெட்டு, பிறகு சுருக்கு. 4032-க்கு 3024 படத்தில் 3024 சதுரம் வெட்டி அதை 1080-க்குச் சுருக்கினால் கூர்மை அப்படியே இருக்கும். மாற்றிச் செய்து, முதலில் அகலத்தை 1080 ஆக்கினால் உயரம் 810-தான் மிஞ்சும். அதில் வெட்டக் கிடைக்கும் சதுரமும் 810-தான். அதை மறுபடி 1080-க்கு இழுத்தால் இல்லாத பிக்சலைக் கணினி ஊகித்து நிரப்பும், படம் மங்கும். சின்னப் படத்தைப் பெரிதாக்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. கையில் இருப்பது 800 சதுரம் என்றால் 800-ஆகவே போடுங்கள்.

வெட்டும்போது எவ்வளவு போகிறது என்பதைத் தெரிந்துவைத்தால் படம் எடுக்கும்போதே உஷாராக இருக்கலாம். 4:3 படத்தில் கால் பங்கு போகும். பெரிய கேமராக்களின் 3:2 படத்தில் மூன்றில் ஒரு பங்கு. 16:9 படத்தில் ஏறக்குறைய 44 விழுக்காடு, கிட்டத்தட்டப் பாதிப் படம். திருவிழாவில் தம்பிமார்கள் கைபேசியை 16:9-இல் வைத்துத் தீமிதியை எடுப்பதுண்டு. பெரும்பாலான போன்களில் அந்த 16:9 படமே 4:3-இலிருந்து ஏற்கெனவே மேலும் கீழும் வெட்டப்பட்டதுதான், கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே 4:3-இல் வையுங்கள், இரண்டடி பின்னால் நின்று எடுங்கள், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடுங்கள். கேமராவையே 1:1-இல் வைத்து எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெட்டுப்பட்ட பகுதி பல போன்களில் திரும்பக் கிடைக்காது. பிறகு உட்கார்ந்து பார்த்து, கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தியிருக்கலாம் என்று தோன்றினாலும் வழியிருக்காது.

தலை போவதற்குக் காரணம், செயலி நடுவிலேயே வெட்டுவது. நிமிர்த்தி எடுத்த ஆள் படத்தில் முகம் மேல்பாதியில் இருக்கும், நடுச் சதுரம் நெஞ்சைப் பிடிக்கும். வெட்டும் கட்டத்தைக் கையால் மேலே இழுங்கள். கட்டத்துக்குள் மூன்றுக்கு மூன்றாகக் கோடு தெரியுமே, அதில் மேல்கோட்டில் கண் விழட்டும். கையை மணிக்கட்டிலோ காலை முழங்காலிலோ வெட்டாதீர்கள், உறுப்பே இல்லாததுபோல் தோன்றும். முழங்கைக்கு மேலோ தொடை நடுவிலோ வெட்டினால் உறுத்தாது. ஆள் ஒரு பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் கூடுதல் இடம் விடுங்கள்.

அம்மன் அலங்காரப் படத்தை மட்டும் வெட்டாதீர்கள். கிரீடமும் திருவடியும் சேர்ந்தால்தான் அது அம்மன் படம். கருவறையில் நிமிர்த்தி எடுத்த அலங்காரத்தைச் சதுரத்துக்காக இடுப்போடு நிறுத்துவது பக்தர்கள் மனத்தைப் புண்படுத்தும், படமும் அழகாக இராது. அகல விரிந்த காவடியும் அப்படித்தான், மயிலிறகு வெட்டுப்பட்டால் காவடியின் வடிவமே தெரியாது. இவற்றுக்கெல்லாம் நிரப்பும் வழி.

நிரப்புவது இப்படி. படத்தின் நீண்ட பக்கத்தை 1080 ஆக்குங்கள், டிக் இருக்கட்டும். 3024-க்கு 4032 படம் 810-க்கு 1080 ஆகும். பிறகு 1080 சதுரத் தாளில் நடுவே வையுங்கள். இரண்டு பக்கமும் 135 பிக்சல் மிஞ்சும். அந்த இடத்தில் என்ன நிறம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சும்மா வெள்ளை விட்டால் இருட்டுத் திரையில் பார்ப்பவருக்குக் கண் கூசும். படத்துக்குள்ளிருந்தே ஒரு நிறத்தை எடுங்கள். அம்மன் சேலையின் அரக்கு, கருவறைச் சுவரின் மங்கிய மஞ்சள், எது படத்தின் ஓரத்தில் இருக்கிறதோ அது. இன்னொரு வழி, அதே படத்தைப் பெரிதாக்கி, நன்றாக மங்கலாக்கி, கொஞ்சம் இருட்டாக்கிப் பின்னால் போடுவது. கூட்டம் நிறைந்த தேர்ப் படத்துக்கு இது பொருந்தும். ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் ‘எக்ஸ்பேண்ட்’ என்ற கருவி ஓரத்தைத் தானே ஊகித்து நிரப்பும். வானம், சிமெண்டுத் தரை, செம்பனை இலைக்கூட்டம் போன்றவற்றில் நன்றாக வரும். ஓரத்தில் ஆளோ எழுத்தோ இருந்தால் அரைக் கையையும் அரை எழுத்தையும் திரும்ப வரைந்து வைக்கும், அங்கே பயன்படுத்தாதீர்கள்.

பலகாரப் படத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. தட்டை நேர் மேலிருந்து எடுத்தால் அது சதுரத்தில் தானாக உட்காரும். ஷாப்பி இணையச் சந்தையில் போடுவதாக இருந்தால் பொருள் சதுரத்தின் பெரும்பகுதியை நிறைக்கும்படி வெட்டுங்கள், பின்னணி வெள்ளையாகவே இருக்கட்டும்.

இனி அழைப்பிதழ். அச்சகம் தருவது ஏ4 தாள், 210-க்கு 297 மில்லிமீட்டர். அதைச் சதுரத்துக்குள் முழுதாக வைத்தால் 764-க்கு 1080 ஆகும். தாளில் 12 பாயிண்ட் அளவில் இருந்த எழுத்துக்கு உயரம் சுமார் 15 பிக்சல்தான் கிடைக்கும். கைபேசித் திரையில் அது ஒரு மில்லிமீட்டர். ஆங்கில எழுத்தாக இருந்தால் ஊகித்தாவது படிக்கலாம். தமிழில் ண, ன, ஞ என்று சுழி நெருக்கமாக இருப்பதால் ஒன்றாகக் கலந்து கருந்திட்டாகிவிடும். எந்தக் கூர்மைக் கருவியாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே அழைப்பிதழைச் சுருக்க முயலாதீர்கள், சதுரத்துக்கென்று தனியாக ஒன்று செய்யுங்கள். கான்வா என்ற வடிவமைப்புச் செயலியில் 1080-க்கு 1080 என்று புதுப் பக்கம் திறங்கள். கோயில் பெயர், நிகழ்ச்சி, நாளும் நேரமும், இடம். இந்த நான்கு போதும். சின்ன எழுத்துகூட 40 பிக்சலுக்குக் குறையக் கூடாது, அப்போதுதான் கைபேசியில் இரண்டரை மில்லிமீட்டராவது தெரியும். உபயக்காரர் பட்டியல் விட்டுப்போனால் மனத்தாங்கல் வரும் என்பது உண்மை. அந்தப் பட்டியலுக்கு இரண்டாவது, மூன்றாவது சதுரம் ஒதுக்குங்கள், ஒரு சதுரத்தில் பத்துப் பெயருக்கு மேல் வேண்டாம்.

எழுத்து பெரிதாக இருந்தும் ஓரம் கலங்கினால் காரணம் நிறத்தில் இருக்கும். ஜேபெக் என்ற வழக்கமான கோப்பு வடிவம் படத்தைச் சேமிக்கும்போது வெளிச்ச அளவை முழுமையாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நன்றாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பிடிக்காது என்பதால் வைத்த ஏற்பாடு அது. ஒளிப்படத்தில் குறை தெரியாது. வேப்பிலைப் பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்துப் போட்டுப் பாருங்கள், அங்கே தெரியும். சுத்தச் சிவப்பின் வெளிச்ச அளவு 255-க்கு 76. நடுத்தரப் பச்சையின் அளவு 75. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவது நிறம் மட்டும்தான், அந்த நிறமோ பாதியாகிவிட்டது. ஓரம் கசியாமல் என்ன செய்யும்! மஞ்சளின் அளவு 226 என்பதால் மஞ்சளில் சிவப்பு தாங்கும். கறுப்பில் சிவப்பு சுமார்தான்.

இதைச் சோதிக்கக் கணக்கு வேண்டாம். செய்த சதுரத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து தெளிவாக நின்றால் பதிவேற்றுங்கள். பின்னணியோடு கரைந்தால் நிறத்தை மாற்றுங்கள், அல்லது எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு கொடுங்கள். எழுத்துள்ள படத்தை, நிறத்தைக் குறைக்காத பிஎன்ஜி வடிவத்திலும் ஒளிப்படத்தை ஜேபெக் 85 தரத்திலும் சேமியுங்கள். முகநூலும் இன்ஸ்டாகிராமும் உள்ளே வாங்கியதும் மறுபடி அழுத்தத்தான் செய்யும். ஆனாலும் ஏற்கெனவே கலங்கிய படம் இரண்டாவது முறை அழுத்தப்படும்போது இன்னும் மோசமாகும், சுத்தமாகப் போனது ஓரளவு தாங்கும்.

வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் பெயர் வெட்டுப்படுவது வட்டத்தால். நீங்கள் கொடுப்பது சதுரம், காட்டுவது அதற்குள் அடங்கும் வட்டம். நான்கு மூலையும் சேர்ந்து 21 விழுக்காட்டுக்கு மேல் மறையும். 1080 சதுரத்தில் எந்த மூலையும் மறையாமல் அடங்கும் உள்சதுரம் சுமார் 760 பிக்சல், எழுத்தோ சின்னமோ அதற்குள் இருக்கவேண்டும். கோயில் முத்திரை ஏற்கெனவே வட்டமாக இருந்தால் 1000 பிக்சல் வரை போகலாம், சுற்றிலும் 40 விடுங்கள். இதில் என் கருத்து ஒன்று: முகப்புப் படத்தில் கோயிலின் முழுப் பெயரே வேண்டாம். அரட்டைப் பட்டியலில் அந்த வட்டம் விரல் நகத்தளவுதான், பெயர் பக்கத்திலேயே எழுத்தாக இருக்கிறது. கோபுரத்தின் மேல்பகுதியோ அம்மன் திருமுகமோ ஒன்றைப் பெரிதாக வைத்தால் கூட்டத்தில் சட்டென்று அடையாளம் தெரியும். முகநூல், யூடியூப் முகப்புக்கும் இதே கோப்பு போதும். யூடியூப் கேட்பது 800-க்கு 800.

இன்ஸ்டாகிராமில் ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். 2010-இல் தொடங்கியபோது சதுரம் மட்டும்தான் ஏற்றுக்கொண்டது, 2015-இல் மற்ற வடிவங்களையும் அனுமதித்தது. 2025 தொடக்கத்தில் சுயவிவரப் பக்கத்துக் கட்டங்களையே உயரமான 3:4-க்கு மாற்றிவிட்டது. பதிவைத் திறந்தால் உங்கள் சதுரம் முழுதாகத் தெரியும். ஆனால் கட்டத்தில் பார்க்கும்போது இரண்டு பக்கமும் 135 பிக்சல் மறைந்து நடு 810 மட்டும்தான் தெரியும். ‘அச்சு முறுக்கு’ என்று ஓரத்திலிருந்து ஓரம் வரை எழுதினால் கட்டத்தில் முதலும் கடைசியும் போய்விடும். ஆகவே பெயரையும் விலையையும் நடு 810-க்குள் அடக்குங்கள். அம்மாவின் பக்கத்துக்கு மட்டும் என்றால் 1080-க்கு 1350 உயரப் படம் இன்னும் நல்லது, திரையில் கூடுதல் இடம் பிடிக்கும். ஒரே படத்தை எல்லா இடத்திலும் போடவேண்டும் என்றால்தான் சதுரம்.

கடையைக் கூகுள் மேப்ஸில் சேர்த்திருந்தால் அங்கே 720-க்கு 720 போதும். இணையப் பக்கம் வைத்திருந்தால் திரையில் தெரியும் அளவைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 400-ஆகத் தெரிவதற்கு 800 பிக்சல், பாரம் குறைந்த வெப்பி என்ற கோப்பு வடிவத்தில். தோட்டத்துக்குள் லைன் எடுக்காத இடங்களில் பாரமான படம் திறப்பதற்குள் பார்ப்பவர் போய்விடுவார்.

கைபேசியில் வெட்ட கூகுள் போட்டோஸே போதும். ‘எடிட்’, ‘கிராப்’, விகிதத்தில் ‘ஸ்கொயர்’, பிறகு ‘சேவ் காப்பி’. காப்பியாகச் சேமிப்பதை மறக்காதீர்கள், அசல் இருக்கட்டும். கணினியில் செய்ய ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் இலவசம். வெட்டும் கருவியில் ‘ஃபிக்ஸ்ட்’ என்பதை டிக் செய்து விகிதத்தில் 1:1 கொடுங்கள், இழுத்து வைத்து எண்டர் தட்டுங்கள். ‘இமேஜ்’ பட்டியலில் ‘ஸ்கேல் இமேஜ்’ போய் 1080 கொடுங்கள். அங்கே ‘இன்டர்போலேஷன்’ என்ற இடத்தில் ‘நன்’ இருந்தால் கோலக் கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும், பட்டுச்சேலைக் கட்டங்களில் அலையலையாகப் பொய்க்கோடு வரும். ‘கியூபிக்’ அல்லது ‘நோஹேலோ’ வையுங்கள். சுருக்கிய பிறகு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற கூர்மைக் கருவி மிகக் கொஞ்சமாக. முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் அதிகமாகிவிட்டது. ஏற்றுமதி செய்யும்போது மேல்நிலை விருப்பங்களில் ‘சப்சாம்ப்ளிங்’ 4:4:4 என்று கொடுத்தால் மேலே சொன்ன நிறப் பாதியாக்கம் உங்கள் கோப்பில் நடக்காது. 72, 300 என்ற டிபிஐ (அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள், திரைக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் இதே 1080 சதுரத்தைப் பந்திங் (பதாகை) அடிக்கக் கொடுக்காதீர்கள். 300 டிபிஐ அச்சில் அது ஒன்பது சென்டிமீட்டர்தான்.

எந்தக் கோப்பு கைக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த படம் ஏற்கெனவே குறைந்து அழுத்தப்பட்டது, அதை வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது. எடுத்தவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஐபோன்காரர் அனுப்பும் ஹெச்இஐசி கோப்பைச் சில தளங்கள் ஏற்பதில்லை. கேமரா அமைப்பில் ‘ஃபார்மட்ஸ்’ போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்தால் ஜேபெக்கில் வரும். அச்சகத்திலிருந்து வரும் படத்தில் மஞ்சளும் சிவப்பும் திரையில் கண்டபடி மாறினால் அது அச்சுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கே-யில் இருக்கக்கூடும். திரைக்கான நிறமுறையான எஸ்ஆர்ஜிபி-யில் ஒரு பிரதி கேளுங்கள், அவர்களுக்கு ஒரு நிமிட வேலை. வீட்டில் எடுத்த படத்தை இணையப் பக்கத்தில் போடும்முன் கேமரா படத்தோடு பதிந்துவைக்கும் எக்ஸிஃப் தகவலை நீக்குங்கள், இருப்பிடம் அதில் பதிந்திருக்கலாம்.

கடைசியாகப் பள்ளிக் குழுப்படம். இதைக் கண்ணாடிச் சட்டத்தோடு எடுக்காதீர்கள். கழற்றி, அஞ்சடி (முன்தாழ்வாரம்) நிழலில் வெளிச்சம் சமமாக விழும் இடத்தில் கிடத்தி, நேர் மேலிருந்து எடுங்கள், இல்லையென்றால் ஸ்கேன் செய்யுங்கள். சாய்ந்து எடுத்தால் படம் ஒரு பக்கம் அகன்று வரும். அதை நேராக்கிய பிறகுதான் வெட்டவேண்டும், வெட்டிவிட்டு நேராக்கினால் மூலைகள் காலியாகும்.

ஒரு வரிசைக்கு இருபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம், படம் 3000-க்கு 2000. சதுரத்துக்குள் முழுதாக வைத்தால் 1080-க்கு 720 ஆகி மேலும் கீழும் 180 மிஞ்சும். ஒரு பிள்ளைக்கு 54 பிக்சல் அகலம்தான். தன் அக்காளைத் தேடுபவருக்கு அதில் முகம் தெரியாது. வெட்டினால் ஓரத்துப் பிள்ளைகள் போய்விடுவார்கள், அது கூடவே கூடாது. மூன்று சதுரமாகப் போடுங்கள். முதலாவது, ஓரத்தில் பழுப்பு நிறம் நிரப்பிய முழுப் படம். இரண்டாவது, இடதுபக்க ஓரத்திலிருந்து 2000 சதுரம். மூன்றாவது, வலதுபக்க ஓரத்திலிருந்து 2000 சதுரம். நடுவில் இருப்பவர்கள் இரண்டிலும் வருவார்கள், ஒன்றில் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டவர் மற்றதில் முழு முகத்தோடு இருப்பார். முகமும் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். முகநூலில் இவற்றோடு வெட்டாத முழுப் படத்தை 2048 பிக்சல் அகலத்தில் தனியாகப் போட்டால் விரித்துப் பார்க்க வசதி.

பிள்ளைகளின் பெயரைப் படத்தின்மேல் எழுதவேண்டாம். எழுத்து முகத்தை மறைக்கும், பிழையைத் திருத்தவும் முடியாது. முன்வரிசை இடமிருந்து வலம், நடுவரிசை, பின்வரிசை என்று பதிவிலேயே தட்டச்சு செய்யுங்கள். வேறு ஊருக்குப் போய்விட்டவர்கள் தங்கள் பெயரைப் போட்டுத் தேடினால் அகப்பட வாய்ப்பிருக்கும், பெயர் தெரியாத இடத்தைக் கருத்துப் பகுதியில் யாராவது நிரப்பும்போது நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.